மூன்று வருட நாட்குறிப்பைத் திரும்பப் படித்தேன், அதில் நான் இல்லை

தேய்பிறை எழுதியது:

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. சரி என்று பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வருடம், நான்கு நோட்டுகள். விட்ச்கிராஃப்ட்டை, அதாவது மேற்கத்திய மந்திரச் சடங்குப் பயிற்சியை, நான் தனியாகத்தான் பழகி வருகிறேன், குழு கிடையாது, குரு கிடையாது, அதனால் இந்த நான்கு நோட்டுகள்தான் எனக்கு எல்லாம் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கமும் அழகாகத்தான் இருக்கிறது. பிறை எத்தனையாவது நாள், மெழுகுவத்தி என்ன நிறம், என்ன மூலிகை, எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தேன், என்ன சொன்னேன், எல்லாம் வரிசையாக. சில பக்கங்களில் காய்ந்த இதழ்களை ஒட்டி, ஓரத்தில் கொடி வரைந்திருக்கிறேன்.

விடியும் வரை படித்தேன். மூடி வைத்தபோது நெஞ்சு கனத்தது. அவ்வளவு பக்கங்களில் நான் எங்கேயும் இல்லை.

எண்ணிப் பார்த்தேன்: மூன்று வருடத்தில் 37 பாதுகாப்புச் சடங்குகள். முப்பத்தேழு! யாரிடமிருந்து என்னைக் காத்துக்கொண்டிருந்தேன்? ஒரு பக்கத்தில்கூட அது இல்லை. செய்த பிறகு பயம் குறைந்ததா, மறுநாள் என்ன ஆனது, அதுவும் இல்லை. இரண்டாவது நோட்டில் ஒரே ஒரு பக்கம் மட்டும் பென்சிலில், கோணல்மாணலாக, "இன்று செய்யவில்லை. கோபமாக இருக்கிறேன். யார் மேல் என்று தெரியும், எழுத மாட்டேன்" என்று இருந்தது. நான்கு நோட்டிலும் எனக்கு ஏதாவது சொன்ன வரி அது ஒன்றுதான்.

நீங்கள் எல்லாம் எப்படி எழுதுகிறீர்கள்? சடங்கு விவரங்களைக் கேட்கவில்லை. எழுதுகிறவள் தெரிகிற மாதிரி எழுதுவதைக் கேட்கிறேன். நோட்டு எழுதியதால் உங்கள் பயிற்சியோ நீங்களோ நிஜமாகவே மாறியது உண்டா?

ராக்கிளி எழுதியது:

உண்டு. விரிவாக அப்புறம் எழுதுகிறேன், இப்போது ஒன்று மட்டும். அந்தப் பென்சில் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அழகான நோட்டில் அசிங்கமாக இருக்கிறது என்று நான் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் வருத்தம்.

பழைய_மை எழுதியது:

தேய்பிறை, நீங்கள் வைத்திருந்தது தப்பான நோட்டு இல்லை. அது ஒரு வகை நோட்டு. இரண்டு வேலைகளை ஒன்றின் தலையில் கட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

விட்ச்கிராஃப்ட்டையே சமயமாகக் கொண்ட விக்கா மரபில் 'நிழல் நூல்' என்று ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மரபைத் தொடங்கிய ஜெரால்டு கார்ட்னர் வழியாகப் பரவியது. தீட்சை கொடுப்பவரின் பிரதியைப் பார்த்து, சேர்பவர் தன் கையெழுத்திலேயே படி எடுத்துக்கொள்ள வேண்டும். சடங்கு வாசகம், முறை, வரிசை, இதுதான் அதன் உள்ளடக்கம். 1950களில் அவர் குழுவில் இருந்த டோரீன் வாலியன்ட் அதில் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் வாலியன்ட்டே ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார்: 1949ல் வந்த ஒரு பத்திரிகையில் கார்ட்னருடைய நாவலுக்கு விளம்பரம் வந்திருந்தது, அதற்கு எதிர்ப்பக்கத்திலேயே 'நிழல் நூல்' என்ற தலைப்பில் ஒரு கைரேகை நிபுணரின் கட்டுரை, மனிதனின் நிழலை அளந்து பலன் சொல்கிற ஒரு சமஸ்கிருதச் சுவடியைப் பற்றி. அங்கிருந்துதான் பெயர் வந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. நிழலை அளப்பது என்ற அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நிழல் நூலில் யாருடைய நிழலும் விழுவதில்லை. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போக வேண்டிய நூல். உங்கள் கோபத்துக்கு அதில் இடம் இல்லை.

அதனால்தான் பலர் தனியாகக் 'கண்ணாடி நூல்' என்று இன்னொன்று வைத்துக்கொள்கிறார்கள். என்ன செய்தேன் என்பது முதல் நூலில், செய்தபோது நான் யாராக இருந்தேன் என்பது இரண்டாவதில். உங்களிடம் நான்கு நிழல் நூல்கள் இருக்கின்றன, கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

நான் எழுதுகிற விதத்தைச் சொல்கிறேன், இருபது வருடத்தில் நாலைந்து முறை மாறி இப்போது இப்படி நிற்கிறது. நோட்டைத் திறந்தால் இடது பக்கம், வலது பக்கம் இருக்கிறதல்லவா, இடது பக்கத்தில் மட்டும் எழுதுவேன். ஏன் செய்யப்போகிறேன், உடம்பு எப்படி இருக்கிறது, என்ன எதிர்பார்க்கிறேன், அப்புறம் செய்தது. வலது பக்கம் காலி. அடுத்த சுற்று அதே பிறை வரும்போது, அதாவது இருபத்தொன்பது முப்பது நாள் கழித்து, திரும்ப வந்து அந்த வலது பக்கத்தில் எழுதுவேன். என்ன ஆனது, இப்போது படிக்கும்போது அன்றைய நான் எப்படித் தெரிகிறேன் என்று.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதல் இரண்டு வருடத்தில் வலது பக்கங்களில் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தன. திரும்ப வரவே இல்லை. எந்தப் பக்கங்களுக்குத் திரும்ப வரவில்லை என்று பார்த்தேன், எல்லாம் பணம் வேண்டிச் செய்தவை. மற்றவர்களுக்காகச் செய்ததையும் மன அமைதிக்குச் செய்ததையும் ஒழுங்காகப் பின்தொடர்ந்திருக்கிறேன், பணத்துக்குச் செய்தது என்ன ஆனது என்று பார்க்க மட்டும் எனக்கு வெட்கம். அந்த வெட்கம் எனக்குள் இருந்ததே அதுவரை தெரியாது. காலிப் பக்கங்கள்தான் காட்டிக் கொடுத்தன.

எண்ணிக்கை எழுதியது:

பழைய_மை சொன்னதில் மிக முக்கியமான சொல் 'எதிர்பார்க்கிறேன்' என்பது. முன்கூட்டியே எழுத வேண்டும். நடந்த பிறகு எழுதினால் அது நாட்குறிப்பு இல்லை, நமக்கு நாமே எழுதிக்கொள்கிற வக்காலத்து.

இங்கிலாந்துத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் 1620ல் ஒரு கதை எழுதியிருக்கிறார், அவருக்கு முன்பே பழைய ரோமானியர்கள் சொல்லிவந்த கதை. கப்பல் உடைந்தும் வேண்டுதலால் பிழைத்தவர்களின் படங்கள் ஒரு கோயிலில் மாட்டியிருக்கின்றன. இதைப் பார்த்த பிறகாவது தெய்வ சக்தியை ஒப்புக்கொள்கிறாயா என்று ஒருவனிடம் கேட்கிறார்கள். அவன் திருப்பிக் கேட்கிறான்: வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே? என் பழைய நோட்டு முழுக்கப் பிழைத்தவர்கள் படம்தான். பலித்ததை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், பலிக்காததை எழுதவே இல்லை.

ஒரு வருடம் தினமும் காலையில் ஒரு டாரோ சீட்டு, குறி பார்க்கிற படச் சீட்டு, எடுத்தேன். 'கோபுரம்' சீட்டு எனக்கு அடிக்கடி வருகிறது என்று உறுதியாக நம்பினேன், நண்பர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வருடக் கடைசியில் நோட்டை வைத்து எண்ணினால் ஐந்து முறை. சீட்டுகள் மொத்தம் 78, வருடத்துக்கு 365 நாள், எந்தச் சீட்டுமே சராசரியாக நாலே முக்கால் முறை வரும். ஆக அது அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. அப்புறம் ஏன் அப்படித் தோன்றியது? கோபுரம் வந்த ஐந்து நாளும் இரண்டு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். மற்ற நாட்களில் ஒன்றரை வரி.

முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களை மட்டும் சேர்த்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பயம், என் வேலை போய்விடும் என்று. சீட்டு அதைச் சொன்னதா என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். என் பயம் எங்கே குடியிருக்கிறது என்று நோட்டின் கனம் சொல்லிவிட்டது.

தேய்பிறை எழுதியது:

பழைய_மை, 'நான்கு நிழல் நூல்கள், கண்ணாடி ஒன்றுகூட இல்லை' என்று படித்ததும் கொஞ்ச நேரம் திரையை வெறித்துக்கொண்டிருந்தேன். நன்றி.

எண்ணிக்கை, உங்களிடம் ஒரு தயக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் எண்ணி, எதிர்பார்ப்பு எழுதி, சரிபார்த்து என்று போனால் அது பரிசோதனைச்சாலை மாதிரி ஆகிவிடாதா? மெழுகுவத்தியை ஏற்றி உட்காரும்போது எனக்கு ஒரு அமைதி வருகிறது, அதைக் கையில் ஒரு அட்டவணையோடு கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. நான் எதையும் நிரூபிக்க இதற்குள் வரவில்லை.

எண்ணிக்கை எழுதியது:

சடங்கு நடக்கும்போது எழுத வேண்டாமே. ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு வரி, அணைத்த பிறகு, அன்றே முடியாவிட்டால் காலையில், இரண்டு வரி. நடுவில் நோட்டு மூடியே இருக்கட்டும். எனக்கும் அந்த அமைதி வேண்டும்தான். ஆனால் அமைதி வந்தது என்று எழுதிவைத்தால்தானே, எப்போதிலிருந்து வருவது நின்றது என்று தெரியும்.

பழைய_மை எழுதியது:

இதில் எண்ணிக்கை பக்கம்தான் நானும், ஒரு சின்ன வித்தியாசத்தோடு. இங்கிலாந்தில் மந்திரப் பயிற்சி சொல்லிக்கொடுத்த அலெய்ஸ்டர் கிரௌலியின் பல காரியங்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார்: சீடர்கள் கட்டாயம் பயிற்சிக் குறிப்பு எழுத வேண்டும். 1908ல் பாரிசில் இருந்தபோது தானே எழுதிய ஒரு குறிப்பை அடுத்த வருடம் மாதிரிக்காக அச்சிலும் போட்டார். அதில் தியானமும் மந்திரமும் மட்டும் இல்லை, என்ன சாப்பிட்டார், எப்போது களைத்தார், எங்கே மனம் ஓடியது என்று எல்லாம் இருக்கிறது. தேய்பிறை, உங்களுக்கு அட்டவணை வேண்டாம், ஆனால் களைப்பை எழுதுங்கள். ராத்திரி சரியாகத் தூங்கினேனா, உடம்பு வலி இருக்கிறதா, மாதவிலக்கா, யாரோடாவது சண்டையா. நிறைய பேர் பௌர்ணமியின் சக்தி குறைந்துவிட்டது என்று கவலைப்படுவார்கள், நோட்டைப் பார்த்தால் ஒரு வாரமாக நாலு மணி நேரம்தான் தூங்கியிருப்பார்கள்.

மெழுகுத்துளி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம், இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். நான் பெரும்பாலும் சிஜில் வழியில்தான், அதாவது மந்திரக் குறி வரைகிற வழியில்தான், போகிறேன். ஓவியர் ஆஸ்டின் ஸ்பேர் வழி வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: விருப்பத்தைக் குறியாக மாற்றி உள்ளே இறக்கிய பிறகு அதை மறந்துவிட வேண்டும், நினைத்துக்கொண்டே இருந்தால் வேலை செய்யாது. நீங்களோ எதிர்பார்ப்பை எழுதி வை, மாதம் கழித்துப் படி என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒன்றாகப் போகும்?

ராக்கிளி எழுதியது:

உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். விருப்பத்தை ஒரு சீட்டில் எழுதி, கூடவே ஏன் அது வேண்டும் என்று நாலு வரி எழுதி, உறையின் மேலே திறக்க வேண்டிய தேதி மட்டும். நோட்டில் 'உறை 6' என்று ஒரு வரி. நான் ஆறு மாதம் வைப்பேன், நிஜமாகவே மறந்துவிடும்.

ஒரு தடவை திறந்தபோது உள்ளே இருந்த விருப்பத்தைப் படித்து எனக்கே அதிர்ச்சி. ஒருவர் என்னிடம் திரும்ப வர வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த ஆறு மாதத்தில் அவர் வரவில்லை, நானும் அவரைத் தேடவில்லை, தேடவில்லை என்பதையே கவனிக்கவில்லை. பலிக்கவில்லை என்று கணக்கில் எழுதினேன், ஆனால் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: இது பலிக்காதது எனக்கு எப்போதிலிருந்து பரவாயில்லை ஆனது? அதற்குப் பதில் தேடி எழுதியதுதான் அந்த வருடத்தில் நான் எழுதியதிலேயே நீளமானது.

முதலில் சொல்ல வந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சடங்குக்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுவேன்: 'இந்த விஷயத்தில் மெழுகுவத்தி இல்லாமல் நான் செய்யக்கூடியது என்ன, அதை ஏன் இன்னும் செய்யவில்லை?' வேலை கிடைக்க வேண்டும் என்று மூன்று தடவை சடங்கு செய்தேன். மூன்று தடவையும் அந்தக் கேள்விக்குக் கீழே என் கையெழுத்தில் 'விண்ணப்பம் அனுப்ப வேண்டும்' என்றே இருக்கிறது. மூன்றாவது தடவை பக்கத்தைப் புரட்டி முதல் இரண்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, சடங்கை அப்படியே நிறுத்திவிட்டு அனுப்பினேன். சடங்கு வீண் என்று சொல்ல வரவில்லை, அனுப்பிய பிறகு திரும்ப வந்து செய்து முடித்தேன், அன்று செய்தது மாதிரி அழுத்தமாக என்றைக்கும் செய்ததில்லை.

நீலநிழல் எழுதியது:

கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப்போகிறேன், தயவுசெய்து யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் 'உள்ளே பார், எழுது' என்கிறீர்கள். உள்ளே பார்த்து எழுதியே நான் ரொம்ப மோசமான நிலைக்குப் போயிருக்கிறேன்.

'நிழல் வேலை' என்று சொல்வார்களே, உளவியலாளர் யுங் சொன்ன நிழல் என்ற கருத்திலிருந்து வந்தது, நாம் ஏற்க மறுத்துத் தள்ளிவைத்த பகுதியைப் பார்ப்பது. அதற்கென்று கேள்விப் பட்டியல்கள் சுற்றிக்கொண்டிருக்கும், உன்னை முதலில் காயப்படுத்தியவர் யார், உன்னில் நீ வெறுப்பது எது, இப்படி. நான் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு தினமும் ராத்திரி, கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் ஒரு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாற்பது நாள் எழுதினேன். பத்தாவது நாளிலிருந்து கேள்வி எதுவாக இருந்தாலும் ஒரே பதில்தான் எழுதிக்கொண்டிருந்தேன், வார்த்தைகூட மாறவில்லை. அது ஆழம் என்று நினைத்தேன். அது சுழல். தூக்கம் போனது, பேச்சு குறைந்தது, கடைசியில் நோட்டை மூடிவிட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் நோட்டைக் குறை சொல்லவில்லை. "இதை எழுதி முடித்ததும் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எழுதி முடித்ததும் அப்படியே படுத்துவிடுவேன் என்றேன். அங்கேதான் பிடிபட்டது.

பிறகு இதைப் பற்றிப் படித்தேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986ல் வெளியிட்ட ஒரு ஆய்வு, தங்கள் வாழ்க்கையின் மிகக் கடினமான அனுபவத்தைப் பற்றி மாணவர்களை எழுதச் சொன்னது. நடந்ததையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதினால் நல்லது என்று சொல்கிற எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் எழுதியது ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், நான்கே நாள். அப்புறம், எழுதி முடித்த கையோடு அவர்கள் மனநிலை இன்னும் மோசமாகத்தான் ஆகியிருந்தது. நாலு நாள் மருந்தை நான் நாற்பது நாள் குடித்திருக்கிறேன்.

இப்போதும் நிழல் வேலை செய்கிறேன். கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் வைத்துவிடுவேன், ராத்திரியில் கிடையாது, பகலில்தான். ரொம்ப வலிக்கிற விஷயமாக இருந்தால் 'நான்' என்று எழுதாமல் 'அவள்' என்று எழுதுவேன், அவள் அன்று அங்கே நின்றாள், அவளுக்கு ஏழு வயது, இப்படி. என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. கடைசி வரி எப்போதும் அறைக்குள் கண்ணில் படுகிற ஏதோ ஒன்று: திரைச்சீலை ஆடுகிறது, தம்ளரில் தண்ணீர் பாதி இருக்கிறது. அதை எழுதியதும் எழுந்து வெளியே நடக்கப் போவேன். ஒரே வாக்கியம் மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அந்தத் தலைப்பை ஒரு பிறைச் சுற்று முழுக்கத் தொடமாட்டேன். செத்துப் போகலாம் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் அது நோட்டுக்கான விஷயமே இல்லை, உடனே ஒரு மனிதரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லித்தான் நான் இங்கே இருக்கிறேன்.

தேய்பிறை எழுதியது:

நீலநிழல், இதை எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாளைக்கே அப்படி ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காரலாம் என்றுதான் இருந்தேன், அதுவும் ராத்திரியில்.

எண்ணிக்கை எழுதியது:

'அது ஆழம் என்று நினைத்தேன். அது சுழல்.' இதை என் நோட்டின் உள்ளட்டையில் எழுதிக்கொண்டேன், அனுமதி உண்டு என்று நம்புகிறேன்.

முளை எழுதியது:

வணக்கம், நான் ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எல்லாவற்றையும் படித்தேன், கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. எனக்கு எழுத ஒன்றுமே இல்லை. தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறேன், ஒன்றும் நடப்பதில்லை. மற்றவர்கள் காட்டுகிற நோட்டுகளைப் பார்த்தால் தோல் அட்டை, தங்க நிற மை என்று இருக்கிறது, என்னிடம் இருப்பது பள்ளிக்கூட நோட்டு. பழைய_மை அண்ணா, நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை மாதிரிக்குக் காட்ட முடியுமா?

பழைய_மை எழுதியது:

பள்ளிக்கூட நோட்டுதான் சரி, தம்பியோ தங்கையோ. தோல் அட்டை நோட்டில் பொய் எழுதுவது சுலபம், அது வாங்கிய நாளிலிருந்தே நம்மை மிரட்டிக்கொண்டு இருக்கும்.

யுங் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவருடைய சிவப்புத் தோல் அட்டைப் புத்தகத்தின் படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள், அழகான எழுத்து, பக்கம் பக்கமாக ஓவியம். குடும்பத்தார் பல வருடம் வெளியே விடாமல் வைத்திருந்து 2009ல்தான் அச்சாகியது. ஆனால் 1913லிருந்து அவருக்கு வந்த காட்சிகளை முதலில் எழுதியது அதில் இல்லை. சாதாரணக் கறுப்பு அட்டை நோட்டுகளில் வந்தது வந்தபடி எழுதிவிட்டு, அப்புறம்தான் சிவப்புப் புத்தகத்துக்கு நிதானமாகக் கொண்டுபோனார். தேய்பிறையும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், உங்கள் கொடியும் இதழும் தப்பே இல்லை. கறுப்பு நோட்டு இல்லாமல் நேராகச் சிவப்புக்குப் போய்விட்டீர்கள்.

முளை கேட்ட மாதிரிப் பக்கம், போன மாதத்தில் ஒன்று, கொஞ்சம் மட்டும் மாற்றியிருக்கிறேன்:

"வளர்பிறை ஐந்தாம் நாள், ராத்திரி 9:40. மூன்று நாளாகச் செய்யவில்லை. காரணம் சோம்பல் என்று எழுத வந்தேன், சோம்பல் இல்லை, போன தடவை உட்கார்ந்தபோது அப்பா நினைவு வந்தது, அது திரும்ப வரும் என்று தள்ளிப்போட்டேன். முதுகு வலி. எதிர்பார்ப்பு: ஒன்றும் இல்லை, உட்கார்ந்தால் போதும். செய்தது: வட்டம் போட்டேன், சுடரைப் பார்த்து உட்கார்ந்தேன், இருபது நிமிடம் என்று நினைத்தேன், கடிகாரத்தில் பதினொன்று. அப்பா வரவில்லை. வரவில்லை என்று ஏமாற்றமாக இருந்தது."

இவ்வளவுதான். இதில் மந்திரமும் இல்லை, அற்புதமும் இல்லை. உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதி, அப்போது என்ன உணர்ந்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். சலிப்பா, நிம்மதியா, தனக்கு மட்டும் வரவில்லை என்ற பொறாமையா. ஆறு மாதம் கழித்து ஏதாவது நடந்தால் அது நிஜமா என்று ஒப்பிட்டுப் பார்க்க இந்த வெற்று நாட்கள்தான் கையில் இருக்கும்.

மெழுகுத்துளி எழுதியது:

உறை யோசனைக்கு நன்றி ராக்கிளி, முதல் உறையை நேற்று ஒட்டிவிட்டேன். கனவையும் நோட்டில் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்களா? எழுந்து பேனா தேடுவதற்குள் போய்விடுகிறது.

எண்ணிக்கை எழுதியது:

கண் விழித்ததும் புரண்டு படுக்காதீர்கள், அதே நிலையில் கிடந்து கடைசியாகப் பார்த்ததிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அப்புறம் முழு வாக்கியம் வேண்டாம், ஒற்றைச் சொற்கள் மட்டும்: ஓடினேன், கதவு, திறக்கவில்லை, சிரித்தாள். அலாரம் அடித்ததும் போனைத் தொட்டால் முடிந்தது, ஒன்றும் மிஞ்சாது. பொருள் தேடுவதை அன்றே செய்ய வேண்டாம்.

ராக்கிளி எழுதியது:

இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது: வேறு யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம்.

என் நோட்டை வீட்டில் ஒருவர் படித்துவிட்டார். சண்டை எல்லாம் வரவில்லை, அவர் ஒன்றும் சொல்லவும் இல்லை, நோட்டு வைத்த இடம் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் எட்டு மாதம் நான் எழுதியதைப் படித்தால், ஒவ்வொரு வரியும் அவருக்காக எழுதியது. நான் நல்லவள், நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, இது வெறும் தியானம் மாதிரி, என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறேன். தேய்பிறை, உங்கள் நோட்டில் நீங்கள் ஏன் இல்லை என்று யோசிக்கும்போது இதையும் யோசியுங்கள். யார் படிப்பார் என்று நினைத்து அந்த இதழ்களை ஒட்டினீர்கள்?

பழைய_மை எழுதியது:

ராக்கிளி கேட்டது நியாயமான கேள்வி. ஒளித்துவைப்பது இந்த மரபில் பழைய பழக்கம்தான். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து அறிஞர் ஜான் டீ, தேவதைகளோடு பேசியதாக நம்பி எழுதிய தாள்களில் ஒரு பகுதியை ஒரு பெட்டியின் ரகசிய அறையில் வைத்திருந்தார். அவர் இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, அந்தப் பெட்டியை வாங்கியிருந்தவர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். அதன் அருமை தெரியாத வேலைக்காரப் பெண் பாதித் தாள்களை அடுப்படிக் காரியங்களுக்குத் தீர்த்துவிட்டாள், மிஞ்சியது 1672ல் எலியாஸ் ஆஷ்மோல் என்ற சேகரிப்பாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நிழல் நூலைப் பற்றியும் ஒரு விதி உண்டு, வைத்திருந்தவர் இறந்ததும் எரித்துவிட வேண்டும்.

என்னைக் கேட்டால் முழுக்கச் சங்கேதத்தில் எழுதாதீர்கள், நாலு மாதத்தில் உங்களுக்கே படிக்கச் சலிப்பாகிவிடும், திரும்பப் படிக்காத நோட்டு எதற்கு? ஆட்களின் பெயருக்கு மட்டும் ஒரு குறி போடுங்கள், மற்றதெல்லாம் நேராக. நோட்டைப் பூட்டி வையுங்கள். எழுதியே ஆக வேண்டும் ஆனால் வைத்திருக்க முடியாது என்கிற பக்கம் வந்தால், எழுதி, ஒரு தடவை படித்து, எரித்துவிட்டு, நோட்டில் 'இன்று ஒரு பக்கம் எரித்தேன்' என்று தேதியோடு எழுதுங்கள். எரித்தது ஒளிந்துபோகாமல் இருக்கும்.

தேய்பிறை எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சும்மா இருக்கவில்லை.

அந்த 37 பாதுகாப்புச் சடங்குகளையும் திரும்ப எடுத்தேன். பகலில்தான், நீலநிழல், கடிகாரம் வைத்து. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வேறு நிற மையில், அன்று ஏன் செய்தேன் என்று எழுதப் பார்த்தேன். நினைவை மட்டும் நம்பவில்லை, தேதி வைத்து என் பழைய செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் ஒப்பிட்டேன். 13 நாட்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை, அவற்றைக் காலியாகவே விட்டுவிட்டேன். கிடைத்தது 24. அதில் 17 நாள், அன்றோ அதற்கு முந்தின நாளோ, என் அக்காவோடு போனில் பேசியிருக்கிறேன்.

அக்கா கெட்டவள் இல்லை. அவள் என்னைக் கேட்கிற கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை, அதுதான் விஷயம். வாசற்படியில் உப்பு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், மூன்று வருடம். ராக்கிளி கேட்டீர்களே, யார் படிப்பார் என்று நினைத்து இதழ் ஒட்டினாய் என்று. அதற்கும் இதே பதில்தான். என்றைக்காவது அவள் பார்த்தால், என் தங்கை எதையோ ஒழுங்காகச் செய்கிறாள் என்று நினைக்கட்டும் என்றுதான்.

நேற்று அமாவாசை. 38வது சடங்குக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், முந்தின நாள் அவள் அழைத்திருந்தாள், நான் எடுக்கவில்லை. புதிதாக வாங்கின பள்ளிக்கூட நோட்டில் (முளை, உங்களால்தான்) இடது பக்கத்தில் ராக்கிளியின் கேள்வியை எழுதினேன், மெழுகுவத்தி இல்லாமல் நான் செய்யக்கூடியது என்ன என்று. கீழே 'அக்காவைக் கூப்பிட வேண்டும்' என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது, அதையும் எழுதினேன். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 'திட்டுவாள்' என்று எழுதினேன். அப்புறம் கூப்பிட்டேன். ஐம்பது நிமிடம் பேசினோம். மெழுகுவத்தியை ஏற்றவில்லை, இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல்.

ராக்கிளி எழுதியது:

கண் கலங்கிவிட்டது. திட்டினார்களா?

தேய்பிறை எழுதியது:

வலது பக்கத்துக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது. அங்கே எழுதுகிறேன், இங்கே வேண்டாம்.